அனுமதியின்றிக் கற்றல்

சொர்க்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்காதவர்கள். சொர்க்கத்துக்குச் செத்தால் போதும். நாலு நல்ல காரியம் செய்திருந்தால் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள் என்றும் கேள்வி. எங்களிடம் அந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. இது மக்கள் பணத்தில் நடக்கும் பொதுப் பல்கலைக்கழகம். மக்களெல்லாம் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் அதற்கு என்ன மரியாதை?

நான் இங்கே நீரியல் துறையின் அலுவலகக் கண்காணிப்பாளர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏன் வருவதில்லை என்றெல்லாம் ஆராயும் துறை எங்களுடையது. எங்கள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராததை வைத்து யாரும் எங்களை எடைபோட வேண்டாம். அது பராமரிப்புப் பிரிவின் கீழ் வருகிறது. அதாவது, வருவதில்லை.

மற்ற கல்லூரிகள் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று பெருமையடிக்கும். நாங்கள் எத்தனை பேரைச் சேர்க்கவில்லை என்று சொல்வோம். ஒவ்வோர் ஆண்டும் துணைவேந்தர் நிருபர்களை அழைத்து, நூறு பேர் கதவைத் தட்டினால் தொண்ணூற்றொன்பது பேரைத் திருப்பி அனுப்புகிறோம் என்பார். மீதி ஒருவர் ஏதோ கவனக்குறைவால் உள்ளே வந்துவிட்டதுபோல் அவர் முகம் லேசாக வாடும். தகுதி என்பது மனிதனின் மூளையிலோ உழைப்பிலோ இல்லை. மதிப்பெண்ணின் நான்காவது தசமத்தில் குடியிருக்கிறது. இது எங்கள் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பு. இதுவரை ஒரே கண்டுபிடிப்பும்கூட.

இப்படிச் சலித்துச் சலித்து எடுத்த அறுபது ரத்தினங்கள் எங்கள் துறையில் சேர்கிறார்கள். சேர்க்கை நாளன்று அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா சகிதம் வந்து நுழைவாயிலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அத்தோடு சரி. மறுநாளிலிருந்து எதிர்ச்சாரியில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்த பெரிய தேர்வுக்குத் தயாராக வேண்டுமே! அறிவாளிகளின் வாழ்க்கை தேர்வுகளால் ஆனது. படிப்பு என்பது இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் வரும் இடையூறு. அதை எங்கள் மாணவர்கள் பதினேழு வயதிலேயே புரிந்துகொண்டுவிடுகிறார்கள். அவர்களுடைய வருகையை நாங்களே கருணையோடு பதிவேட்டில் போட்டுக்கொள்வோம்.

இந்த அருமையான ஏற்பாட்டில் மண்ணள்ளிப் போட வந்தவள்தான் ‘புள்ளி’.

அது அவளுடைய பெயரல்ல. எங்கள் அலுவலகம் வைத்தது. எதிர்காலத்தில் பெரும்புள்ளியாகியிருக்க வேண்டியவள், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏதோ ஓர் எண்ணில் மாட்டிக்கொண்டு காத்திருப்போர் பட்டியலுக்கு வந்து சேர்ந்தாள். பட்டியலில் முதல் இடம். யாராவது ஒருவர் விலகினால் போதும், உள்ளே வந்துவிடலாம். அதனால் தினமும் காலையில் அலுவலகம் திறக்கும்போதே வந்து என் மேசை முன்னால் நிற்பாள்.

“சார், யாராவது விலகிட்டாங்களா?”

“கிடைச்ச இடத்தை யாரும்மா விடுவாங்க?”

“ஆனா யாருமே கிளாஸுக்கு வரலையே சார்?”

“வரலைன்னா விலகிட்டதா அர்த்தம் இல்ல. இடம் வேற, ஆள் வேற. இடம் இங்கதான் இருக்கு. ஆள்தான் இல்ல.”

அவள் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் போய் உட்காருவாள். சாயங்காலம் மறுபடி வந்து கேட்பாள். பகலில் யாராவது மனம் மாறியிருக்கலாம் அல்லவா?

ஒருநாள் அந்தப் பெஞ்சைப் பட்டமளிப்பு விழாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புள்ளி நின்றுகொண்டிருந்தாள். கால் மாற்றி மாற்றி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஃபைலில் கவனம் போகாது. “வகுப்பறைல பெஞ்செல்லாம் காலியாத்தான் கிடக்கு. போய் உட்காரேன்” என்றேன். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நான் உட்காரத்தான் சொன்னேன். கவனிக்கச் சொல்லவில்லை.

அந்த வகுப்பறையில் அப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எடுத்தவர் ‘தற்காலிகம்’ மேடம். ஒன்பதாண்டுகளுக்கு முன்னால் தற்காலிக விரிவுரையாளராக வந்தவர். இன்னும் அந்த நிலையிலேயே நிரந்தரமாக இருக்கிறார். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ‘வகுப்பு நடந்தது’ என்று பதிவேட்டில் எழுதவேண்டுமானால் வகுப்பை நடத்த வேண்டும் என்பார். மற்ற பேராசிரியர்கள் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. மேடம் மட்டும் நேரத்துக்கு வந்து, அறுபது காலி இருக்கைகளுக்கு வணக்கம் சொல்லி, மணியடிக்கும்வரை பாடம் எடுத்துவிட்டுப் போவார்.

அன்று கரும்பலகையிலிருந்து திரும்பியவர் மூன்றாவது வரிசையில் ஒரு தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“யாரும்மா நீ?”

“காத்திருப்போர் பட்டியல் மேடம்.”

“அப்படியா? நானும் அதேதான். உட்காரு.”

ஒரு வாரம்வரை அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மேடம் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தார். கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

“சார்! கேள்வி கேட்டுட்டா!”

“யாரு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலயா?”

“இல்ல சார், கிளாஸ்ல! பாடத்துல சந்தேகம்! ஒன்பது வருஷத்துல முதல் தடவை சார்!”

கேள்வி இதுதான். புள்ளியின் வீடு மாடியில். கீழ் வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்தால் மேலே இவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோகிறது. “திறக்கிறது அவங்க. எங்களுக்கு ஏன் மேடம் நிக்குது?” என்று கேட்டிருக்கிறாள்.

இதைத் துறைத் தலைவரின் கவனத்துக்குக் கொண்டுபோவது என் கடமை. அவரை நாங்கள் ‘ஆவன’ சார் என்போம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஓரத்தில் ‘ஆவன செய்க’ என்று எழுதுவார். எது ஆவது, எது ஆகாதது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. துறை இவ்வளவு சுமுகமாக ஓடுவதற்கு அதுதான் காரணம். அவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“கேட்டது நம்ம மாணவியா?” என்றார்.

“இல்ல சார்” என்றேன். “காத்திருப்போர் பட்டியல்.”

“அப்ப எப்படிப் பதில் சொல்ல முடியும்? நம்ம பதில் நம்ம மாணவர்களோட சொத்து.”

“நம்ம மாணவர்கள் யாரும் எதுவும் கேட்கலையே சார்?” என்றார் மேடம்.

“கேட்காம இருக்கிறது அவங்க உரிமை. அதுல தலையிடாதீங்க.”

இரண்டு சுற்றுத் தேநீருக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மேற்படி வினாவுக்கான விடை, முறைப்படி அனுமதி பெற்ற மாணவர்களின் காலி இருக்கைகளை நோக்கியே வழங்கப்படும். போகும் வழியில் அது வேறு யார் காதிலாவது விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.

மேடம் தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தார். புள்ளிக்கு முதுகைக் காட்டாத குறையாகத் திரும்பி நின்றுகொண்டு, “அன்பான காலி பெஞ்சுகளே” என்று ஆரம்பித்தார். பலகையில் மாடி வீடு வரைந்தார், கீழ் வீடு வரைந்தார், ஒரே குழாய் இரண்டு வீட்டுக்கும் பிரிவதைக் காட்டினார், அழுத்தம் எங்கே குறைகிறது என்று அம்புக்குறி போட்டார். மணியடித்தது. நிறுத்தவில்லை. அன்று மத்தியானம் என் அறையில் நின்றபடியே தேநீர் குடித்தார். காரணமில்லாமல் இரண்டு தடவை சிரித்தார். ஒரு விரிவுரையாளர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பதால் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தேன்.

சில நாள் கழித்துப் புள்ளியின் அம்மா வந்தார். தையற்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே பேருந்தில் வந்திருந்தார்.

“சார், என் பொண்ணு தினமும் காலேஜ் போறேன்னு கிளம்பி வர்றா. தெருவுல எல்லாரும் ‘பொண்ணு எந்த வருஷம்’னு கேட்கிறாங்க. அவ இங்க படிக்கிறாளா, இல்லையா? எனக்கு ஒண்ணும் புரியல.”

“படிக்கிறாங்கம்மா. சேரல.”

“சேராம எப்படி சார் படிக்க முடியும்?”

“சேர்ந்தவங்க படிக்காம இருக்க முடியும்னா, இது மட்டும் ஏன் முடியாது?”

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, விளக்கம்தான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. துணி நிறுவனம் ஒன்றில் மகளுக்கு வேலை சொல்லிவைத்திருக்கிறாராம். இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பார்களாம். “நீங்க இல்லைன்னு சொல்லிட்டா இழுத்துட்டுப் போயிடுவேன் சார். ஆமான்னா ராத்திரி பகலா தைச்சாவது படிக்க வச்சுடுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. “பரிசீலனையில் உள்ளது” என்றேன். அந்த அம்மா அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்துத் தரவரிசை கொடுக்கும் குழு. வளாகம் பரபரப்பானது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. கழிப்பறைக்கு லாரியில் தண்ணீர் வந்தது. அதைப் பார்க்க நீரியல் துறையே வாசலுக்கு வந்து நின்றது.

எல்லாம் தயார். மாணவர்கள்தான் குறை. ஆவன சார் முதல் ரேங்க் வாங்கிச் சேர்ந்த மாணவனுக்குத் தானே தொலைபேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

“தம்பி, வர்ற வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் கிளாஸுக்கு வர முடியுமா?”

“சாரி சார். அன்னிக்கு எனக்கு மாதிரித் தேர்வு.”

“நீ நம்ம பல்கலைக்கழக மாணவன் தம்பி.”

“தெரியும் சார். பயோடேட்டால முதல் வரியே அதான்.”

“ஒரு மணி நேரம் போதும்.”

“சார், நான் இந்த இடத்தை வாங்க மூணு வருஷம் தூங்கல. வாங்கினதுக்கு அப்புறமும் வரணும்னா எப்படி சார்?”

நியாயமான கேள்வி. ஆவன சார் அடுத்த எண்ணுக்குப் போனார். மற்ற ஐம்பத்தொன்பது ரத்தினங்களும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். ஒருவன் மட்டும், “நீரியலா? நான் அங்கேயா சேர்ந்திருக்கேன்?” என்று ஆச்சரியப்பட்டான்.

அப்புறம்தான் ஆவன சார் புள்ளியை அழைத்துவரச் சொன்னார். நாற்காலியைக் காட்டி, “உட்காரும்மா” என்றார். இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் அதிகாரபூர்வ இருக்கை.

“உன்ன மாதிரி ஆளுங்க இன்னும் இருக்காங்களா?”

“பட்டியல்ல இருக்கிற எல்லாரும் இருக்காங்க சார். வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம்.”

“அப்படியா? குரூப் பேரு?”

“‘வெளியே’ சார்.”

“அவங்களைக் கொஞ்சம் உள்ளே கூட்டிட்டு வர முடியுமா?”

“வந்தா இடம் கொடுப்பீங்களா சார்?”

“கொடுக்காம? எல்லா பெஞ்சும் காலியாத்தானே இருக்கு.”

“அந்த இடம் இல்ல சார்.”

ஆவன சார் பேனாவைத் திறந்தார், மூடினார். “ஆவன செய்யப்படும்” என்றார்.

வெளியே வந்ததும் புள்ளி என்னிடம் கேட்டாள்: “சார், ஆவன செய்யப்படும்னா ஆமான்னு அர்த்தமா?”

“இல்லைன்னு சொல்லலையேம்மா” என்றேன்.

ஒத்திகைக்காக இரண்டு நாள் முன்னதாகவே அவர்களை வரச் சொல்லியிருந்தோம். வந்தார்கள். சீருடையோடு ஓர் உணவு டெலிவரி இளைஞன், மருந்துக்கடையில் பில் போடுகிற பெண், மாமாவின் மெக்கானிக் கடையிலிருந்து நகக்கண்ணில் கிரீஸோடு வந்த ஒருவன், ஒரே சைக்கிளில் வந்த அக்காவும் தம்பியும். வந்தவர்கள் செய்த முதல் காரியமே ஒழுங்கீனம்: முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். எங்கள் துறையின் முன்வரிசையில் மனிதர்கள் உட்கார்ந்து பழக்கமில்லாததால் ஒரு பெஞ்சு முறிந்தது.

ஒத்திகை என்றால் என்ன? உட்காருவது, எழுந்திருப்பது, குழு உள்ளே வந்தால் ஒரே குரலில் வணக்கம் சொல்வது. தற்காலிகம் மேடம் அதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் குரல் கம்மிப் போய் என்னிடம் வந்து, “சார், சாக்பீஸ் தீர்ந்துடுச்சு” என்றார். புதுப் பெட்டியே அன்று காலையில்தான் கொடுத்திருந்தேன்.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவர் எங்கோ துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி வகுப்பறைகளை வாழ்நாள் முழுக்க நிர்வகித்த அனுபவம் முகத்தில் தெரிந்தது. எங்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. டெலிவரி இளைஞன் எழுந்து நின்று, சரிவான சாலையில் மழைநீர் தேங்காது என்று மேடம் சொன்னதைத் தன்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்றும், தேங்கிய தண்ணீரில் தன் வண்டியே நின்றுபோனது என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். மருந்துக்கடைப் பெண் அவனை உட்காரச் சொன்னாள். மேடம் “உட்காராதே, சொல்லு, எந்த இடத்துல தேங்குச்சு?” என்றார். யாரும் குழுவைக் கவனிக்கவில்லை. ஒரே குரலில் வணக்கம் சொல்லவும் மறந்துவிட்டார்கள்.

குழுத் தலைவர் தன் உதவியாளரிடம், “இது நடிப்பு இல்லையே?” என்று கேட்டார். பிறகு மேடையேறி வகுப்பைப் பார்த்தார்.

“எத்தனையோ ஆயிரம் பேர் போட்டி போடுற இடம் இது. நீங்க எல்லாரும் எப்படிச் சேர்ந்தீங்க? அந்த ரகசியத்தைச் சொல்லுங்க பார்ப்போம்.”

ஆவன சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பென்ஷன் கண்முன்னால் வந்து போனது. புள்ளி மெல்ல எழுந்தாள்.

“நாங்க இன்னும் சேரல சார்.”

குழுத் தலைவர் இமைக்காமல் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“கேட்டீங்களா?” என்றார் தழுதழுத்த குரலில். “‘இன்னும் சேரல’! கல்விக்குள்ள முழுசா சேர்றதுன்னா அது ஒரு ஆயுள் போதாதுன்னு இந்தச் சின்ன வயசுல புரிஞ்சு வச்சிருக்காங்க!”

“நிஜமாவே சேரல சார்” என்றான் டெலிவரி இளைஞன்.

“பாருங்க! எல்லாரும்!” என்று கைதட்டினார் தலைவர். வகுப்போடு சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

நாட்டிலேயே முதல் தரம் எங்களுக்குக் கிடைத்தது. “இங்குள்ள மாணவர்கள் தங்களை மாணவர்கள் என்றுகூட அழைத்துக்கொள்வதில்லை, அத்தனை அடக்கம்” என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். குழுவோடு எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, ‘எங்கள் மாணவர்கள், எங்கள் பெருமை’ என்ற வாசகத்தோடு நுழைவாயிலில் பதாகையாக வைத்தோம். நடுவில் புள்ளி. பக்கத்தில் சீருடையோடு டெலிவரி இளைஞன். அந்தச் சீருடையில் இருந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் அழித்துவிட்டோம். நாங்கள் விளம்பரத்தை அனுமதிப்பதில்லை.

பதாகையைப் பார்த்துவிட்டு முதல் ரேங்க் மாணவனின் அப்பா என்னிடம் வந்தார். கொதித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் அநியாயம்? என் பையன் கஷ்டப்பட்டு வாங்கின இடத்துல யாரோ ஒரு பொண்ணு உட்கார்ந்து படிக்கிறா!”

“உங்க பையன் வந்தா எழுந்துடுவா சார்.”

“அவன் எதுக்கு வரணும்? அவனோட இடம் அவனுக்காகக் காலியா இருக்கணும். அதுதான் சார் நீதி!”

எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். மற்ற பெற்றோர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆவன சார் புள்ளியை மறுபடி அழைத்தார். இந்த முறை நாற்காலி காட்டப்படவில்லை.

“உன் கோரிக்கையைத் தீவிரமாப் பரிசீலிச்சோம்மா. ரெண்டு சிக்கல். காத்திருப்போர் பட்டியல் நேத்தோட காலாவதி ஆயிடுச்சு. அது ஒண்ணு. அதுக்கும் மேல, உன்மேல ஒரு குற்றச்சாட்டு இருக்கு.”

“என்ன சார் குற்றச்சாட்டு?”

ஆவன சார் ஃபைலைப் பார்த்துப் படித்தார்: “அனுமதியின்றிக் கற்றல்.”

“நீங்கதானே சார் கூப்பிட்டீங்க?”

“உட்காரக் கூப்பிட்டோம். நீ கத்துக்கிட்டிருக்கே. சாட்சி இருக்கு. கேள்வியெல்லாம் கேட்டிருக்கே.”

“அதுக்கு நான் இப்ப என்ன சார் செய்யணும்?”

“முறையாப் பார்த்தா, கத்துக்கிட்டதைத் துறைக்கிட்டயே திருப்பி ஒப்படைக்கணும்.”

“அதை எப்படி சார் ஒப்படைக்கிறது?”

ஆவன சார் என்னைப் பார்த்தார். சட்டப் பிரிவில் கேட்டதாகவும், அதற்கான நடைமுறை இன்னும் வகுக்கப்படவில்லை என்று பதில் வந்திருப்பதாகவும் சொன்னேன். “சரி, போகட்டும். மன்னிச்சு விடுறோம்” என்றார் பெருந்தன்மையோடு.

புள்ளி நகரவில்லை. ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் நல்லாப் படிக்கலையா சார்?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் படிச்சே. அதுதானேம்மா பிரச்சினையே.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வராந்தாவில் முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திறந்ததை இறுக்கமாக மூடிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் நான் வரும்போது அவள் நுழைவாயிலில் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தாள். முதல் தரம் கிடைத்ததைக் கொண்டாட அங்கே புதிதாக மின்னணுக் கதவு போட்டிருந்தோம்.

“மேடத்துக்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் அண்ணே.”

“அட்டை இருந்தாத்தான் கதவே திறக்கும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

“அந்தப் படத்துல நடுவுல இருக்கிறது நான்தான் அண்ணே.”

காவலர் அண்ணாந்து பதாகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன், சங்கடப்பட்டார். “தெரியுதும்மா. ஆனா படத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்காங்க.”

உள்ளே முதல் வகுப்புக்கு மணியடித்தது. புள்ளி கம்பிகளுக்கு நடுவே துறைக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அம்மா சொல்லிவைத்திருந்த துணி நிறுவனம் அந்தப் பேருந்து போகும் வழியில்தான் இருந்தது.

தற்காலிகம் மேடம் வகுப்பறைக்குப் போனார். காலி இருக்கைகள் அறுபதும் ஆஜராகியிருந்தன. பாடத்தை ஆரம்பித்தார். பலகையில் ‘ஆகவே’ என்று எழுதினார். அதற்கு மேல் எழுதவில்லை. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்து, பதிவேட்டை இழுத்து, தன் கைப்பட ‘வகுப்பு நடக்கவில்லை’ என்று எழுதினார்.

எங்கள் துறை வரலாற்றில் அப்படியொரு வாசகம் பதிவானது அதுவே முதல் தடவை. அவர்மேல் நடவடிக்கை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வகுப்பைப் பாதியில் நிறுத்திய குற்றத்துக்காகப் பணி நீக்கம் செய்யப்பட்டார். மற்ற பேராசிரியர்கள்மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. அவர்கள் ஆரம்பித்ததே இல்லை.

ஆறேழு மாதம் கழித்து அலுவல் நிமித்தமாக ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு மாலைநேரத் தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குப் போக நேர்ந்தது. கல்லூரி என்பது மரியாதைக்குச் சொல்வது. கீழே சைக்கிள் கடை, மேலே தகரக்கூரை போட்ட இரண்டு அறை. மாடிப்படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டியல் கிடையாது, பதாகை கிடையாது. பெயரைச் சொன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். இப்படியும் ஒரு நிறுவனம் வெட்கமில்லாமல் நடக்கிறது.

உள்ளே தற்காலிகம் மேடத்தின் குரல் கேட்டது. கதவோரத்தில், இடம் போதாமல் தரையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். புள்ளி. சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பகலில் துணி நிறுவனம், சாயங்காலம் இங்கே.

“சௌக்கியமா சார்?” என்றாள். அவளுக்குப் பின்னால் டெலிவரி இளைஞனும் மருந்துக்கடைப் பெண்ணும் எட்டிப் பார்த்தார்கள்.

“இங்கதான் சேர்ந்திருக்கியா?”

“ஆமா சார். ‘வெளியே’ குரூப்ல முக்கால்வாசிப் பேர் இங்கதான்.”

“யார் வேணும்னாலும் சேரலாமாமே?”

“சேரலாம் சார்.”

“அப்ப இந்தப் படிப்புக்கு என்னம்மா மதிப்பு?”

அவள் நேர்மையான பெண். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லமாட்டாள்.

“அது தெரியல சார். ஆனா மணியடிச்சா கிளாஸ் நடக்குது.” உள்ளேயிருந்து மேடம் ஏதோ கேட்டார். பத்துக் குரல்கள் ஒரே சமயத்தில் பதில் சொல்லின. “வரேன் சார், பாடம் போயிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, என்னைப் படியிலேயே நிற்கவிட்டு ஓடிவிட்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்வதும், சேர்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதும் என்ன பெரிய வித்தை? ஒரு சைக்கிள் கடையின் மாடி போதும் அதற்கு. நாடு முழுவதிலும் படிப்பின்மேல் உண்மையான ஆசை வைத்தவர்கள் யார் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, ஒருவர்கூடத் தப்பிவிடாமல் அத்தனை பேரையும் வெளியே நிறுத்துவதற்குத்தான் ஒரு பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது.